பலூன் பைலட் சோதனைக்குப் போற திருக்கோவில் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது மூணு விசயம்: அமெரிக்காவில அல்புகேர்க்கியில வீட்டு வாடகை, குளிருக்கு என்ன உடுப்பு, அடுத்த மாசம் வாற வர்த்தக பலூன் பைலட் (சூடான காத்தில பறக்கிற பலூனைக் காசுக்கு ஓட்டுற ஆள்) செய்முறைச் சோதனைக்கு எப்படி ஆயத்தமாகிற. வாடகையும் உடுப்பும் பக்கத்தில இருக்கிற ஆக்களே சொல்லுவாங்க. நான் கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்றன். லீவுக்கு வந்து மட்டக்களப்பு கல்லடியில நிக்கிறன், நேரமும் இருக்கு.

முதல்ல லொக்புக், பறந்த நேரத்தை எழுதிற புத்தகம். 35 மணித்தியாலப் பறப்பு வேணும். அதில 20 மணித்தியாலம் பலூனில இருக்கவேணும், ஆசிரியரோட 10 மணித்தியாலப் பயிற்சி இருக்கவேணும், ஏறின இடத்துக்கு மேல 3,000 அடி வரைக்கும் கட்டுப்பாடாப் போயிருக்கவேணும். இதெல்லாம் எழுத்தில, கையெழுத்தோட இருந்தாத்தான் எக்ஸாமினர் உங்களோட கதைக்கவே தொடங்குவார். நான் வந்த புதுசில ஒரு கொம்பனி, "எங்களுக்குத் தரையில வேலை செய், பதிலுக்குப் பறக்கப் பழக்குறம்" எண்டு கூப்பிட்டது. குளிர்காலம் முழுக்க விடியமுதல் எழும்பிக் கூடை தூக்கினன், துணி மடிச்சன், புரொப்பேன் நிரப்பினன். பறந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துத் தாங்க எண்டா ஒவ்வொருக்காவும் "நாளைக்கு". அந்த நாளை வரவே இல்ல. நீங்க எந்தப் பறப்பையும் அண்டைக்கே, வயலை விட்டு வெளிக்கிடமுதல் எழுதி வாங்குங்க. புதுசா வந்தவன் கேக்கமாட்டான் எண்டு நினைக்கிற ஆக்கள் எல்லா நாட்டிலயும் இருக்காங்க.

நம்மட ஆக்களைப் பத்தியும் சொல்லவேணும். "பெற்றோல் செட்டில நில்லு, பறக்கிறதெல்லாம் நமக்குச் சரிவராது" எண்டு சொந்தக்காரரே சொல்லுவாங்க. தாங்க ஏறாத படியில இன்னொருத்தன் கால் வைக்கிறதைப் பொறுக்காத கதை அது. காதில வாங்காதீங்க.

சோதனையில ஆக்கள் பெயிலாகிறது பறப்பில எண்டு நினைக்கவேணாம், எக்ஸாமினர் வாயால கேள்வி கேக்கிற இடத்திலதான். இந்த லைசன் கிடைச்ச அண்டைக்கே நீங்க மற்றவனுக்குப் பலூன் பழக்கலாம். அதனால பாடம் நடத்தத் தெரியுமா எண்டும் பாப்பாங்க. ஏ.எல்லுக்குப் பாடமாக்கின மாதிரிப் போனா ரெண்டாவது "ஏன்?" இல வாய் அடைச்சிரும். உதாரணத்துக்குப் போலி ஏற்றம் (false lift) எண்டதை எடுங்க. மர மறைவில நிண்டு ஏறக்குள்ள, பலூன்ட தலைக்கு மேலால ஓடுற காத்து அதை மேல இழுக்கும். மறைவை விட்டு வெளிய வந்து காத்தோட சேர்ந்து ஓடத் தொடங்கினா அந்த இழுவை இல்லாமப் போகும், சூடு போதாட்டி முன்னால நிக்கிற மரத்துக்குள்ளதான் இறங்குவீங்க. இதை இங்கிலீசில, பலூனே பாக்காத ஒருத்தருக்கு விளங்கச் சொல்லுங்க பாப்பம். நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மாவை இருத்திவைச்சு இரவு இரவாச் சொன்னன். என்ட இங்கிலீசு நிமிர்ந்தது அந்தக் குசினி மேசையிலதான், அதில எனக்கு இண்டைக்கும் பெருமை.

மின்கம்பி பத்திக் கட்டாயம் கேப்பாங்க. முட்டுறது நிச்சயம் எண்டா மேல ஏறிப் பாய நினைக்கக்கூடா. உச்சித் துவாரத்தை முழுக்கத் திறந்து கெதியா இறங்கவேணும், பைலட் விளக்கையும் (பேர்னரில எப்பவும் எரியுற சின்னச் சுடர்) காஸையும் மூடவேணும். கம்பி துணியில படட்டும். கூடையிலயும் அதைத் தாங்குற கேபிளிலயும் படக்கூடா, அங்கதான் ஆக்களும் சிலிண்டரும் இருக்கு. 2016 யூலையில டெக்சாஸ் லொக்ஹார்ட்டில பலூன் மின்கம்பியில பட்டு 16 பேரும் செத்தாங்க. காசுக்கு ஆள் ஏத்துற பலூன் பைலட்டுக்கு இப்ப இரண்டாம் வகுப்பு மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) வேணும் எண்ட சட்டம் அதுக்குப் பிறகுதான் வந்தது. சோதனை முடிஞ்சு வேலைக்குப் போறண்டா அதையும் இப்பவே எடுத்து வையுங்க.

காத்து விசயத்தில நமக்கு ஒரு பலம் இருக்கு. அல்புகேர்க்கியில குளிர் காலையில, தரையோட ஓடுற காத்து பலூனைத் தெற்க கொண்டுபோகும், கொஞ்சம் மேல ஏறினா வடக்க திருப்பிக் கொண்டுவரும். அதைத்தான் பெட்டி எண்டு சொல்லுவாங்க. முதல் தரம் அதைப் பாத்தப்போ எனக்கு அப்பாட ஞாபகம்தான் வந்தது. கச்சான் காத்து (மேற்கால வாற காத்து) வீசுற காலத்தில மத்தியானம் கல்லடிக் கரையில நிண்டா கடல்காத்து முகத்தில அடிக்கும், மேல முகில் எதிர்ப்பக்கமாக் கடலுக்குப் போகும். தோணி தள்ளமுதல் அப்பா ரெண்டையும் பாத்துத்தான் முடிவெடுப்பார். சில நாள் ஒண்டும் சொல்லாம வலையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிவருவார், அண்டைக்கு அம்மாவும் ஒண்டும் கேக்கமாட்டா. திருக்கோவில் கடலும் அதே கடல்தானே, நீங்களும் பாத்திருப்பீங்க.

அந்த நாள் காத்து சரியில்லாட்டி "இண்டைக்குப் பறக்கேல்ல" எண்டு நீங்களே சொல்லுங்க, எக்ஸாமினர் சொல்லும்வரை நிக்காதீங்க. தொடங்கின சோதனை வானிலையால நிண்டா அதுக்கு ஒரு கடிதம் தருவாங்க, 60 நாளுக்குள்ள மிச்சத்தை மட்டும் செய்தாப் போதும். அது பெயில் இல்ல.

லொக்புக் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்க தம்பி. கையெழுத்து எங்கயாவது விடுபட்டிருக்கா எண்டு பாத்துச் சொல்றன்.