குலதெய்வமும் புத்தரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். தறி ஓட்டிய குடும்பம். நான் இப்போது ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் குலதெய்வம் முனியப்பன். வருஷம் தவறாமல் ஆடியில் கிடா வெட்டுவோம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக் கூழ் ஊற்றுவோம்.

என் மகள் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். நம்மூர் தலைவெட்டி முனியப்பன் கோயிலில் இருப்பது புத்தர் சிலை என்று கோர்ட் சொன்னதைப் படித்ததிலிருந்து பௌத்தம் பற்றியே பேசுகிறாள். இந்த ஆடிக்குக் காப்புக் கட்ட மாட்டாளாம், பௌத்தத்துக்கு மாறப் போகிறாளாம். "இந்து மதம் முழுக்கச் சடங்கு. பௌத்தம் மதமே இல்லை, வாழ்க்கை முறை" என்பது அவள் வாதம். எனக்குக் கோபம் இல்லை. நாம் கும்பிட்ட முனியப்பன்தான் புத்தர் என்றால் பெயர் மாறுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைக்கிறேன். என் மனைவிதான் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். மாறினால் இவள் வாழ்க்கையில் நிஜமாக என்ன மாறும்? கொஞ்சம் எழுதுங்கள்.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகர், அம்மாபேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் இப்படி ஒரு விவாதம் நடக்கும்போது கோபப்படாமல் கேள்வி கேட்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் "பெயர் மாறுவதில் என்ன வந்துவிடப் போகிறது" என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நிறையவே வரும். அதற்கு அந்தச் சிலையே சாட்சி.

2011இல் போட்ட வழக்கில் 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொல்லியல் துறை சிலையைக் கழுவித் துடைத்துப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்திருந்தது. தாமரைப் பீடம், மடியில் தியான முத்திரையாக வைத்த கைகள், சுருள் முடி, நீண்ட காது, துண்டாகிப் பின்னால் ஒட்டவைத்த தலை. நம் முனியப்பன்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கு மீசை, உருட்டி விழிக்கிற கண், கையில் அரிவாள். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஒருவரை அந்தப் பெயரில் இத்தனை காலம் கும்பிட்டிருக்கிறோம். சிலை ஒன்றுதான். ஆனால் முனியப்பன் முன்னால் நிற்கிற ஆளும் புத்தர் முன்னால் நிற்கிற ஆளும் ஒன்றல்ல. முனியப்பனிடம் நாம் கேட்கிறோம்: பையனுக்கு வேலை, தொலைந்த நகை, பகைவனுக்கு ஒரு அடி. கிடைத்தால் கிடா. கிடைத்தும் செலுத்தாவிட்டால் அவர் நம்மைத் தேடி வருவார். புத்தரிடம் அப்படிக் கேட்க வழியே இல்லை. அவர் பரிநிர்வாணம் அடைந்துவிட்டார், அதாவது இனிப் பிறப்பில்லாமல் முழுதாக விடுபட்டுவிட்டார். கொடுக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். அவர் முன்னால் நின்று சொல்கிற ஐந்து சீலமும், அதாவது ஐந்து ஒழுக்கங்களும், நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. உயிரைக் கொல்லாதிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று முதல் சீலம் ஆரம்பிக்கிறது. யாருக்கும் கொடுத்த வாக்கு இல்லை அது.

நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. மக்கள் வந்து பார்க்கலாம், பூசை எதுவும் செய்யக் கூடாது. உங்கள் மகளுக்கு இது பிடித்திருக்கலாம். ஆனால் இலங்கையிலோ தாய்லாந்திலோ ஒரு விகாரைக்குப் போய்ப் பாருங்கள், பூவும் விளக்கும் ஊதுபத்தியும் இல்லாத புத்தரைப் பார்க்க முடியாது. பூசை இல்லாத புத்தர் அருங்காட்சியகத்தின் புத்தர், பௌத்தர்களுடைய புத்தர் அல்ல. நம் மாவட்டத்திலேயே ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அங்கே விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்.

"பௌத்தம் மதமே இல்லை" என்பது புத்தகத்தில் படித்து வருகிற பௌத்தம். பிறந்து வளர்கிற பௌத்தத்தில் எல்லாமே இருக்கிறது. காப்புக் கட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் மஞ்சள் கயிறு ஏறினால் கறி கிடையாது, குடி கிடையாது, தாம்பத்தியம் கிடையாது, திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. இலங்கைப் பௌத்தர் பௌர்ணமி அன்று வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய் எட்டு சீலம் எடுக்கிறார். அன்று குடி இல்லை, தாம்பத்தியம் இல்லை, உச்சிக்குப் பிறகு சாப்பாடு இல்லை, ஆட்டம் பாட்டு நகை எதுவும் இல்லை, உயரமான கட்டிலில் படுப்பதும் இல்லை. பிக்குகள் பிரித் என்ற காப்புச் சூத்திரங்களை ஓதி அவர் கையிலும் ஒரு நூல் கட்டிவிடுவார்கள். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நம்முடையது ஊருக்காக, அம்மை நோய் வராமல் இருக்க, அம்மன் மனம் குளிர. ஊரே கட்டும், ஒருத்தர் தப்பு செய்தால் ஊருக்கே ஆகாது. அவருடையது அவர் மனசுக்காக. பக்கத்து வீட்டுக்காரர் எடுக்காவிட்டால் இவருக்கு நஷ்டம் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வருவது இருக்கிறது. இந்து வாழ்க்கை முதலில் வீட்டைப் பிடிக்கிறது, பௌத்தம் முதலில் ஆளைப் பிடிக்கிறது.

காதுகுத்து, சீர், கல்யாணம், வளைகாப்பு, கருமாதி, அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு என்று பிறந்ததிலிருந்து செத்த பிறகும் நம்மை விடாமல் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கடவுள் இருக்கிறாரா என்று யோசிக்காதவர்கூட இதையெல்லாம் செய்துகொண்டு முழு இந்துவாக வாழ்ந்து முடித்துவிடலாம். வீட்டை விட்டுப் போன துறவிகளும் நம்மிடம் உண்டு, சித்தர்களும் உண்டு. ஆனால் கஞ்சமலைச் சித்தருக்கும் கோயில் கட்டி அமாவாசைக்குப் போய் நோய் தீர வேண்டிக்கொள்கிறோம், பார்த்தீர்களா?

பௌத்தத்தின் நடுவில் இருப்பவர் வீட்டை விட்டு வந்த பிக்கு. வீட்டில் இருப்பவருக்குச் சீலமும் தானமும் சொன்னது, சடங்கைப் பெரும்பாலும் அந்தந்த ஊர் வழக்கத்துக்கே விட்டுவிட்டது. இலங்கையில் சாவு வீட்டுக்குப் பிக்கு வருவார். அவருக்கு வெள்ளைத் துணி கொடுப்பார்கள், ஏழாம் நாள் தானம் கொடுத்து அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பார்கள். கல்யாணத்தை அவர் நடத்திவைக்க மாட்டார், அது குடும்பத்தார் தங்கள் வழக்கப்படி செய்துகொள்வது. இப்படிப் பாதி காலியாக இருக்கிற வீட்டில் யார் வந்து உட்கார்வது? அங்கே விஷ்ணு உட்கார்ந்தார், கதிர்காமத்துக் கந்தன் உட்கார்ந்தான், நம் கண்ணகி பத்தினி தெய்யோ என்ற பெயரில் போய் உட்கார்ந்தாள். அம்மைக்கும் மழைக்கும் அவளிடம்தான் வேண்டுவார்கள். அதாவது சிங்களப் பௌத்தருக்கும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள்! காத்மாண்டுவில் குமாரி என்று வணங்கும் சிறுமியைப் பௌத்த சாக்கியர் குடும்பத்திலிருந்து எடுக்கிறார்கள், இந்துக்களும் போய் வணங்குகிறார்கள்.

ஆனால் உங்கள் மகளுக்கு அந்த வசதி கிடையாது. இந்தியாவில் இன்று ஒருவர் பௌத்தத்துக்கு மாறுவதென்றால் பெரும்பாலும் அம்பேத்கர் போட்ட பாதையில்தான் மாறுகிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் தான் தீட்சை பெற்ற பிறகு லட்சக்கணக்கானவர்களுக்கு 22 உறுதிமொழிகள் கொடுத்தார். மும்மூர்த்திகளைக் கும்பிட மாட்டேன், ராமன் கிருஷ்ணனைக் கும்பிட மாட்டேன், கௌரி கணபதியைக் கும்பிட மாட்டேன், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நம்ப மாட்டேன், திதி கொடுக்க மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன். இலங்கையில் திறந்திருந்த கதவை அவர் தெரிந்தேதான் சாத்தினார். அந்தக் கதவு வழியாகச் சாதி திரும்பி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. பயம் வீண் இல்லை. 1753இல் இலங்கையில் ஏற்பட்ட சியாம் நிகாயம் என்ற பிக்கு சங்கத்தில் பிறகு கொவிகம என்ற உயர்சாதிக்காரர்களுக்கு மட்டும்தான் முழுப் பிக்குவாக்கும் உயர் தீட்சை என்றாகிவிட்டது. மற்றச் சாதியினர் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய்த் தீட்சை வாங்கி வந்தார்கள். ஆகவே பௌத்தம் என்றாலே சாதி தானாகப் போய்விடும் என்று மகள் சொன்னால் இதையும் சொல்லுங்கள்.

நம் தமிழ்நாட்டில் அம்பேத்கருக்கு ஐம்பத்தெட்டு வருஷம் முன்னாலேயே, 1898இல், தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் இலங்கை போய்ப் பௌத்தராகித் திரும்பினார். அவர் வேறு வழியில் போனார். பண்டிகையையும் தெய்வத்தையும் தூக்கிப் போடவில்லை, எல்லாமே முதலில் பௌத்தருடையதுதான் என்று கதையைத் திருப்பிச் சொன்னார். அம்மனே ஒரு பௌத்தப் பெண் துறவி என்றார். இதற்கு வரலாற்று ஆதாரம் போதாது என்பது என் எண்ணம். ஆனால் வீட்டைக் காலி செய்யாமல் ஆளை மாற்றப் பார்த்த அவர் யோசனை சாமானியமானதல்ல.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். சட்டத்தில் மாறுவது கொஞ்சம்தான். 1955 இந்து திருமணச் சட்டமும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் பௌத்தருக்கும் பொருந்தும். பட்டியல் சாதியினர் பௌத்தத்துக்கு மாறினாலும் 1990 முதல் அந்தத் தகுதி போவதில்லை.

உறவில் மாறுவதுதான் பெரிது. உங்கள் மனைவியின் கவலை வெறும் சாமி பயம் என்று நினைக்கிறீர்களா? குலதெய்வம் என்பது நம் பக்கத்தில் உறவுக் கணக்கு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அங்கே பெண் எடுக்க முடியாது. வரன் பார்க்க வந்தால் "குலதெய்வம் எது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கிடாவெட்டு அன்றுதான் பெங்களூரில் இருக்கிற சித்தப்பா மகனை எல்லோரும் பார்க்கிறார்கள். அதிலிருந்து மகள் பெயரை அடித்துவிட்டால் அவளுக்கு யார் என்பதுதான் அம்மாவின் கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பௌத்தர் 84 லட்சம். அதில் முக்கால்வாசிக்கு மேல் மகாராஷ்டிரத்தில். அங்கே ஒரு பெண் வெள்ளைப் புடவை கட்டி, புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் முன்னால் திரிசரணம் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைகிறேன் என்பது) சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டால் தெருவே கூட நிற்கும். தமிழ்நாடு முழுக்கவே சுமார் 11 ஆயிரம் பேர்தான். சேலத்தில் உங்கள் மகள் அநேகமாகத் தனியாகத்தான் சீலம் காக்க வேண்டியிருக்கும். மாற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாறுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு மாறட்டும்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த தீக நிகாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மகளையும் படிக்கச் சொல்லுங்கள். ராஜகிருகத்தில் சிங்காலகன் என்ற இளைஞன் காலையில் ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் என்று புத்தர் கேட்கிறார். அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார் என்கிறான். இது மூடத்தனம், விட்டுவிடு என்று புத்தர் சொல்லவில்லை. திசைகளை இப்படிக் கும்பிடுவதில்லை என்று சொல்லி, கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலை செய்கிறவர்கள், மேலே துறவிகள் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்கிறார். மனைவியை அவமதிக்கக் கூடாது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுக்க வேண்டும். வேலைக்காரருக்கு அவர் பலத்துக்குத் தக்க வேலைதான் தர வேண்டும், நோய் வந்தால் பார்க்க வேண்டும். பெற்றோருக்கும் கடமை உண்டு: பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, உரிய காலத்தில் சொத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும்!

காப்புக் கட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நம்பாமல் கட்டுவது அம்மனுக்கும் மரியாதை இல்லை. கூழ் ஊற்றுகிற அன்று அண்டா தூக்கவும் வரிசையைப் பார்த்துக்கொள்ளவும் அவளைக் கூப்பிடுங்கள், அம்மாவுக்கும் மனசு ஆறும். பசித்தவருக்கு ஊற்றுவது தானம், பௌத்தத்தில் இல்லறத்தாருக்கு முதல் பாடமே அதுதான். அதற்கு வரமாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. கிடா விஷயத்தில் அவள் முதல் சீலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாதாடுவாள். அதில் நான் உங்கள் பக்கம் பேச வரமாட்டேன், நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.