பேஸ்பால் சீசன் பாதியில் இருக்கும்போது, ஒரு அணி நிஜமாகவே நல்ல அணியா என்று எப்படிக் கணிப்பது?

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் ஒரு அணிக்கு சீசனுக்கு 162 ஆட்டங்கள். நட்சத்திர வீரர்கள் மோதும் ஆட்டத்துக்காக நடுவில் விடும் ஆல்-ஸ்டார் இடைவேளையைப் பாதி என்பார்கள். உண்மையில் அதற்குள் 90-க்கும் மேல் முடிந்திருக்கும். சரியான பாதி 81.

வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். எடுத்த ரன்னையும் விட்டுக்கொடுத்த ரன்னையும் பாருங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொன்ன வழி எளிது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது எதிர்பார்க்கும் வெற்றி விகிதம். 400 எடுத்து 360 கொடுத்த அணிக்கு 0.55 வரும், அதாவது 81-ல் சுமார் 45 வெற்றி. அந்த அணி 51 ஜெயித்திருந்தால், கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு ரன் வித்தியாச வெற்றிகள் நிறைய இருக்கும்.

2005-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி பாதியில் 50-31 (50 வெற்றி, 31 தோல்வி). கடைசியில் 81-81, பிரிவில் கடைசி இடம்! சீசன் முழுக்க எடுத்தது 639 ரன், கொடுத்தது 673. அதே அணி 2019-ல் 19-31 என்று தடுமாறி, அப்புறம் உலகத் தொடரையே வென்றது.

அடுத்து காயப் பட்டியல், மீதமுள்ள எதிரணிகள். பேட்டிங் சராசரியை (கிரிக்கெட் போல ரன் கணக்கல்ல, ஹிட் அடித்த விகிதம்) நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பந்துவீச்சாளர்களின் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸைக் கொடுப்பது) எண்ணிக்கைதான் பாதி சீசனிலேயே ஓரளவு உண்மையைச் சொல்லும்.