கூரைக்குக் கடன் எடுக்குமுன்

கேள்வி: ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. கணவரின் தமையனார் 2022 கடைசியில் சோலார் பனல் போட்டவர். நாங்களும் போடத்தான் வேண்டும் என்று நிற்கிறார். செலவு 150,000 குரோனர். கம்பனியே 12 சதவீத வட்டிக்குக் கடன் ஒழுங்கு செய்கிறது. அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த தனிக்கடனில் 70,000 இன்னும் நிற்கிறது, வட்டி 13 சதவீதம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரியானது. அதற்குக் காரணம் பனல் இல்லை. தமையனார் கேட்டால் வங்கியில் கையெழுத்துப் போடும் வழக்கம்தான்.

அவர் ஏன் அவசரப்பட்டார் என்பது விளங்குகிறது. 2022 ஓகஸ்டில் தென் நோர்வேயில் மின்விலை கூரையைத் தொட்டது. அணைகளில் தண்ணீர் குறைவு, ஐரோப்பாவில் எரிவாயு விலை உச்சம், ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் போகும் கடலடிக் கேபிள்கள் வழியே அந்த விலை இங்கேயும் வந்தது. ஆனால் 2025 ஒக்டோபரில் இருந்து அரசின் நிலையான மின்விலைத் திட்டமான நோர்கெஸ்பிரிஸில் சேர்ந்தால், வரியோடு யூனிட் 50 ஓரேதான் (100 ஓரே ஒரு குரோனர்). அவருடைய கணக்கு அதற்கு முந்தியது.

இந்த நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர்மின்சாரம். தண்ணீரை அணையில் தேக்கிவைத்து, ஜனவரிக் குளிரில் திறந்துவிடலாம் என்பதுதான் அதன் பலம். மழையும் பனியும் குறைந்த வருஷம் அதன் பலவீனம். காற்றாலை குளிர்காலத்தில் நன்றாகச் சுழலும், ஆனால் வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் கட்டிய ஃபூசன் காற்றாலைகளின் அனுமதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சூரியன் எப்படி? குளிரில் பனல் நல்ல திறனோடுதான் வேலை செய்யும், ஜூனில் பகலும் நீளம். ஆனால் அதே நேரத்தில்தான் பனி உருகி அணைகள் நிரம்பும், விலையும் விழும். போன ஜனவரி ஒரு வாசகர் வீட்டுக்குப் போனேன். கூரையில் ஒரு சாண் பனி. மத்தியானம் 12 மணிக்கு அவர் கைபேசியில் உற்பத்தி பூச்சியம். உள்ளே ஹீட்டர் முழுவேகத்தில்.

சரி, கணக்குப் பார்ப்போம். நீங்கள் சொன்ன செலவில் போடும் பனலில் வருஷம் 7,500 யூனிட் வரும் என்று வைப்போம். வீட்டில் பாவிப்பது 3,000. கம்பிக் கட்டணத்தோடு யூனிட்டுக்கு 90 ஓரே மிச்சம் என்றால் 2,700 குரோனர். மிச்சம் 4,500 யூனிட்டைக் கோடை விலையில், 30 ஓரேக்கு விற்றால் 1,350. மொத்தம் நாலாயிரம் சொச்சம். கடனுக்கு முதல் வருஷ வட்டி மட்டும் 18,000!

கல்யாணக் கடனின் வட்டியே வருஷம் 9,100. அதை அடைப்பது பனலை விட இரண்டு மடங்குக்கு மேல் இலாபம், வெயிலும் தேவையில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை போகாதீர்கள். இதைத் தமையனாரிடம் உங்கள் கணவரே சொல்லட்டும், நீங்கள் இடையில் நிற்க வேண்டாம். "பிறகு பார்ப்போம்" என்று இழுக்காமல், பழைய கடன் முடியும்வரை புதுக் கையெழுத்து இல்லை என்று நேராகச் சொல்லட்டும். மகளின் கடனில் மாதம் ஒரு பங்கை அவர் கட்டலாமா என்றும் அப்போதே கேட்கட்டும்.

அதற்குப் பிறகும் பனல் ஆசை இருந்தால், கூரை ஓடு மாற்றும் வருஷத்தில், சாரம் எப்படியும் கட்டும்போது, கையில் உள்ள காசில் போடுங்கள்.