4.6 ஜிபி வீடியோ, 4.7 ஜிபி டிவிடியில் ஏன் ஏறவில்லை? தரம் குறையாமல் எப்படி ஏற்றுவது?

எனக்கும் இதே சிக்கல் வந்தது. அம்மா அப்பாவின் 1994ஆம் வருடக் கல்யாண வீடியோ, விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றியது, 1 மணி 50 நிமிடம். விண்டோஸில் பார்த்தால் 4.6 ஜிபி. அப்பத்தா வீட்டில் இருப்பது டிவிடி பிளேயர் மட்டும்தான், அதனால் டிவிடியாகத்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு. டிவிடி கம்பெனிக்காரர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 பெருக்கலில் எண்ணுகிறது. ஆக உறையில் போட்டிருக்கும் 4.7 ஜிபி, விண்டோஸ் கணக்கில் ஏறக்குறைய 4.38 ஜிபிதான். என் கோப்பு சுமார் 240 எம்பி அதிகம். மெனுவுக்கும் மற்றதற்கும் இடம் விட்டு, கோப்பை 4.3 ஜிபிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

நான் முதலில் செய்தது தப்பு. மேடையில் வரிசையாகப் பரிசு கொடுக்கும் பகுதியில் ஏழு நிமிடத்தை வெட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். போட்டுப் பார்த்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "என் தம்பி மேடைக்கு வந்தானே, அது எங்கடா?" அவருடைய தம்பி இப்போது இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி முழுசாகச் செய்ய உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒலி பிசிஎம் என்று இருந்தது, அதாவது சுருக்கப்படாத ஒலி. நொடிக்கு 1536 கிலோபிட். அதையே ஏசி3 (டிவிடி பிளேயர்கள் படிக்கும் சுருக்கப்பட்ட ஒலி வடிவம்) ஆக 256 கிலோபிட்டில் வைத்தால் நொடிக்கு 1280 கிலோபிட் மிச்சம். 6600 நொடிக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 1050 எம்பி! எனக்குத் தேவைப்பட்டது அதில் கால்வாசிதான். பழைய கேசட்டின் நாதஸ்வரத்துக்கு 256 தாராளமாகப் போதும், என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஏவிடெமக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வீடியோவை 'காப்பி' (அப்படியே) என்று விட்டுவிட்டு, ஒலியை மட்டும் ஏசி3 என்று மாற்றி, எம்பெக்-பிஎஸ் என்ற கோப்பு வடிவில் சேமித்தேன். படத்தைத் தொடவே இல்லை. இது முக்கியம். விஎச்எஸ் படத்தில் புள்ளிகள் நிறைய இருக்கும், அதை எம்பெக்-2விலிருந்து (டிவிடியில் படம் சுருக்கப்படும் முறை) மறுபடி எம்பெக்-2 ஆக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அப்புறம் டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் மெனு போடும்போதும் படத்துக்கு 'காப்பி' தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அது தானாகவே படத்தை மறுபடி என்கோட் செய்து (புதிதாகச் சுருக்கி) விடும்.

உங்கள் கோப்பில் ஒலி ஏற்கெனவே ஏசி3 என்றால் இந்த வழி உதவாது. கேசட்டின் முன்னும் பின்னும் வரும் வெற்று நீலத் திரையை வெட்டுங்கள். நொடிக்கு 6 மெகாபிட் என்றால் ஒரு நிமிடம் 45 எம்பி. அதுவும் போதவில்லை என்றால்தான் படத்தைச் சுருக்க வேண்டும், அதையும் டூ-பாஸ் முறையில், அதாவது மென்பொருள் முதலில் முழு வீடியோவையும் அலசிவிட்டு இரண்டாவது சுற்றில் சுருக்கும் முறையில். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் உண்டு, ஆனால் பழைய பிளேயர்கள் சில அதில் தடுமாறும். வயசானவர்களுக்குக் கொடுப்பதென்றால் இரண்டு சாதாரண டிஸ்க்கே மேல்.

இன்னொன்று, டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். எழுதுவது உள்ளிருந்து வெளியே போகும், கைரேகையும் கீறலும் அதிகம் படுவது வெளி விளிம்பில். என் முதல் டிஸ்க் நிறைந்திருந்தது, கடைசிப் பத்து நிமிடம் அப்பத்தாவின் பிளேயரில் நின்று நின்று ஓடியது. கொடுக்கும் முன் அவர்கள் பிளேயரிலேயே கடைசிப் பகுதியைப் போட்டுப் பாருங்கள். அந்த 4.6 ஜிபி மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், கேசட் அடுத்த முறை ஓடும் என்று நம்ப முடியாது.