ஈரத்தில் வாடும் செடி

தொட்டிச் செடி: வாசகர் கேள்வி, குன்னூர் நர்சரிக்காரம்மா பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்தோம். அங்கே வரவேற்பறையில் ஜோராக இருந்த பீஸ் லில்லியையும் கையோடு கொண்டுவந்தேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இலை மஞ்சளடித்து, காம்போடு தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றுகிறேன். மண்ணிலிருந்து கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் வேறு கிளம்புகின்றன. காப்பாற்ற முடியுமா?
– எஸ்.வி., கோத்தகிரி

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மண் காய்ந்து செடி வாடினால் அது தாகம். மண் நசநசவென்று இருக்கும்போதே வாடினால் வேர் அழுகிவிட்டது, ஊற்றுகிற தண்ணீரை மேலே ஏற்ற ஆளில்லை என்று அர்த்தம். என்னிடம் வாடிய செடியோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதே கதைதான். வாடியது, ஊற்றினேன். இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினேன்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியிலெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் நுனிவேர்கள் மூச்சுமுட்டிச் சாகும். பிறகு பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகள் உள்ளே புகுந்து மிச்சத்தையும் அழுக வைக்கும். பேச்சுவழக்கில் பூஞ்சை என்கிறோமே தவிர, இவை பூஞ்சை இனமே இல்லை. இவற்றின் வித்துகள் ஈரமண்ணில் நீந்தியே அடுத்த வேரைத் தேடிப் போகும். இரண்டு வேளைத் தண்ணீர் அவற்றுக்கு விருந்து.

திருப்பூர் வெயிலுக்குச் சரியாக இருந்த அளவு இங்கே சரிவராது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு ஆடி மழை பெரிது. உங்களுக்கும் எங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் கனமழை. மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணியே காய்வதில்லை, தொட்டி மண் எங்கே காயப்போகிறது? அதோடு பீஸ் லில்லி வெப்பக்காட்டுச் செடி. மண் குளிர்ந்தால் அதன் வேர் தண்ணீர் இழுப்பதையே குறைத்துக்கொள்ளும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். சாக்கடை வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். குழாயடியில் மண் முழுக்கப் போகும்படி அலசிவிட்டு ஒவ்வொரு வேராகப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். கெட்டது பழுப்பாகிக் கொழகொழக்கும். சந்தேகமான வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவுங்கள். மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்துவிட்டு, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினால் அந்த வேர் முடிந்துவிட்டது. அதை வெள்ளை தெரிகிற இடம் வரை வெட்டுங்கள். கத்தரிக்கோலை அவ்வப்போது ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நீங்களே பரிமாறுகிறீர்கள்.

இலைகள் சேருகிற அடிக்கட்டையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். அமுங்கினால், பக்கக் கன்று ஏதாவது கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தெடுங்கள். அதுவும் இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான். வேர் பாதி போயிருந்தால் மஞ்சளான இலைகளையும் கழித்துவிடுங்கள். இருக்கிற வேரால் அத்தனை இலையையும் தாங்க முடியாது.

புதுத் தொட்டி சின்னதாக இருக்கட்டும். மிச்சமிருக்கும் வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும். பழைய மண்ணை வேறு தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கலவைக்கு, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் என்கிற வெள்ளை நிற, எடையில்லாத பொரிகல் ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் சலித்துத் தூசி நீக்கிய பருமணல். வீட்டுக் கொல்லையின் களிமண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் நான்கு தண்ணீரில் இறுகிவிடும். சோலைக்காட்டுக் கறுப்பு மண் என்று சாக்கில் கொண்டுவந்து விற்பவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். காப்புக்காட்டில் மண் அள்ளுவது குற்றம். அந்த மண் இருக்க வேண்டிய இடம் சோலைதான்.

மருந்து கேட்பீர்கள். செத்த வேரை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது, புதுவேரைக் காக்கத்தான் முடியும். டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தோடு கலந்து போடுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லி ஊற்றுகிற எண்ணம் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். காப்பர் அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். வெட்டிய வேரில் மஞ்சள்தூள் தடவச் சொல்வார்கள், அது சமையலுக்கு இருக்கட்டும்.

நட்டதும் ஒருமுறை நன்றாக ஊற்றி வடியவிட்டு, வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு வாரம் தொங்கத்தான் செய்யும், பதறிப்போய்ச் செம்பைத் தூக்காதீர்கள். புது இலை விடும்வரை உரம் வேண்டாம். இனிமேல் தேதி பார்த்து ஊற்றாமல் தொட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றி வடிந்த தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிட்டால், காய்ந்த தொட்டி தூக்கியவுடன் தெரியும். மேல்மண்ணில் விரலை விட்டு, ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

அந்தப் பூச்சிகளின் புழுக்கள் ஈரமண்ணில்தான் வளரும். மேல்மண் காயத் தொடங்கினாலே குறைந்துவிடும். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகிவைத்தால் பறப்பவையும் மாட்டும்.

கேள்வி: தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: எல்லோரும் சொல்கிறார்கள், நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி சொதசொதவென்று நிறைந்த பிறகுதான் சொட்டும். தொட்டியின் அடியில் இருந்திருக்க வேண்டிய ஈரப்பட்டை ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையை ஒரு வலைத்துண்டால் மூடி, மேலே முழுக்கக் கலவையையே நிரப்புங்கள். ஓட்டையே இல்லாத அழகுத் தொட்டியென்றால் செடியை வேறு தொட்டியில் வைத்து உள்ளே இறக்குங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து வடியவிட்டுத் திரும்ப வையுங்கள்.

கேள்வி: என் ஸ்நேக் பிளான்ட் அடியில் குழைந்து சாய்ந்துவிட்டது. இலையின் மேல்பாதி நன்றாகத்தான் இருக்கிறது. மஞ்சள் ஓரம் போட்ட வகை.
– ஆர்.எம்., கொடைக்கானல்

பதில்: மார்கழி, தை மாதக் குளிரில் அதற்குத் தண்ணீர் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. அடியில் வைத்த தட்டில் தேங்கிய தண்ணீரே போதும் அழுகுவதற்கு, தட்டை உடனுக்குடன் கவிழ்த்துவிடுங்கள். கெட்டியான மேல்பாதியை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நான்கைந்து நாள் நிழலில் போட்டுவைத்துப் பருமணலில் செருகுங்கள். கொடைக்கானல் குளிரில் வேர்விட மாதக்கணக்கில் ஆகும், வீட்டில் கதகதப்பான இடமாகப் பாருங்கள். இலைத்துண்டிலிருந்து வரும் கன்றுக்கு மஞ்சள் ஓரம் இருக்காது, பச்சையாகத்தான் வரும். ஓரம் வேண்டுமானால் பழைய தொட்டியைக் கிளறி, கெட்டியான கிழங்குத்துண்டு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இலையை வெட்டியதும் எது அடிப்பக்கம் என்று பேனாவால் குறி போட்டுவிடுங்கள், தலைகீழாகச் செருகினால் வேர் பிடிக்காது.