காரைக்குடியிலிருந்து லடாக்குக்குத் தொக்கும் மிளகாய் சாஸும் பாட்டிலில் அனுப்பினால் ஒழுகாமல் போய்ச் சேருமா?

தாராளமாக அனுப்பலாம். தம்பி ராணுவத்தில் லே பக்கம் இருக்கிறார், அம்மா செய்த பூண்டுத் தொக்கையும் மிளகாய் சாஸையும் அனுப்பவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காரைக்குடியில் வீட்டிலேயே தொக்கு, ஊறுகாய் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நிறையப் போகிறது.

பார்சலைப் பிரித்தால் பாட்டில் உடைந்திருக்காது, ஆனால் எண்ணெய் ஒழுகியிருக்கும். உடனே கூரியர்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் காரணம் பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றுதான். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆறிய தொக்கை இங்கே அடைத்தால், உள்ளே இருக்கும் நம் ஊர்க் காற்று அங்கே போனதும் மூடியைத் தள்ளும். 63 மில்லிமீட்டர் மூடி என்றால் சுமார் 11 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. மணாலி சாலை வழியாகப் போனால் இன்னும் கடுமை. தக்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல்.

அதனால் சூடாக அடையுங்கள். பாட்டிலைக் கொதிக்கவைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, சூடாகவே வைத்துக்கொண்டு, 85 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தொக்கை ஊற்றுங்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். அப்புறம் வாய் விளிம்பைச் சுத்தமான துணியால் துடையுங்கள். பலர் விடுவது இதைத்தான். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மூடி பிடிக்காது. துடைத்ததும் சூடாக இருக்கும்போதே இறுக்கி மூடுங்கள். ஆறியபின் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி, விரலால் அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வராமல் இருக்கவேண்டும். உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மலைக்குப் போனாலும் தள்ளுவதற்கு உள்ளே பெரிதாக ஒன்றும் இராது.

ஒன்றை மறக்கவேண்டாம்: பூண்டைக் காற்றில்லாமல் அடைக்கும்போது புளிப்பு குறையவே கூடாது. புளியோ வினிகரோ நன்றாக இருக்கட்டும். வெறும் எண்ணெயில் போட்ட பூண்டை இப்படி அடைப்பது ஆபத்து.

அனுப்பும் முன் பாட்டிலை ஓர் இரவு செய்தித்தாள் மேல் படுக்கவையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அந்த பாட்டில் வீட்டுக்கு.

சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் இந்தச் சூட்டில் சுருங்கிவிடும். அதில் ஆறியபின் ஊற்றி, பக்கவாட்டில் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

பேக்கிங் எல்லாரும் செய்வதுதான்: ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனி பிளாஸ்டிக் கவர், நடுவே அட்டைத் தடுப்பு, சுற்றிலும் மரத்தூளோ கசக்கிய தாளோ. பெட்டியை ஆட்டினால் உள்ளே எதுவும் அசையக்கூடாது. 56 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) முகவரி என்றால் எந்த வழியாகப் போகும் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது, அதனால் மோசமான பாதையை நினைத்தே கட்டுங்கள்.

குளிர்காலத்தில் நீர்ப்பதமான சாஸைக் கண்ணாடியில் அனுப்பவேண்டாம். தண்ணீர் உறைந்தால் கன அளவு கூடி பாட்டில் விரிசல் விட்டுவிடும். தொக்கு மட்டும் போகட்டும். நல்லெண்ணெய் அங்கே கெட்டியாகிவிடும், கெட்டுப்போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும், கொதிநீரில் வைத்தால் கண்ணாடி வெடிக்கும் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.