வியாழக்கிழமைக் கூடத்துக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 66. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இட்லிக் கடை நடத்தி எங்கள் குடும்பத்தை நிமிர்த்தியவர். அவருடைய இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத்தில், ஒன்றரை ஆண்டாக ஆறாத புண் இருக்கிறது. சர்க்கரை நோயும் உண்டு. புண்ணிலிருந்து நீர் வடிகிறது, வாடையும் வருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் கட்டு மாற்றுகிறேன். அவர் பின்கட்டு அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. பேத்தியின் காதணி விழாவுக்குக்கூட வரவில்லை. எங்கள் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், இதே போல் கால் புண் உள்ள ஏழெட்டுப் பேரை வியாழன்தோறும் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சேர்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு கட்டு மாற்றலாம் என்கிறார். மாமியார், "என் நாத்தத்த ஊருக்குக் காட்டணுமா?" என்று அழுகிறார். கணவர், "வீட்டிலேயே நடக்கிற வேலைக்குக் கூட்டம் எதுக்கு?" என்கிறார். கட்டு மாற்றுவதைத் தவிர அங்கே வேறு என்ன கிடைத்துவிடும்? அழைத்துப் போவது முறையா?
– பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அழைத்துப் போங்கள். அதற்கு முன் மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டிய சோதனைகள் சில இருக்கின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் கணவரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. கட்டு மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி வைத்து, பொறுமையாகக் கட்டத் தெரிந்த மருமகள் வீட்டில் இருக்கும்போது கூடத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஒன்றரை ஆண்டில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதையும் உங்கள் கடிதமே சொல்கிறது. வாடை வருமோ என்று அஞ்சி ஒருவர் முதலில் வாசல் திண்ணையை விடுகிறார், பிறகு பந்தியை விடுகிறார், பிறகு கூடத்தை விட்டுப் பின்கட்டுக்குப் போகிறார். போகப் போக, வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது அவரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே மற்றவர்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது. யாரும் அவரை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் ஊருக்கே பலகாரம் செய்து போட்டு, வந்தவர் போனவர் எல்லோருடைய குடும்பக் கதையும் தெரிந்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு, இன்று பேசுவதற்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்களும் பெரும்பாலும் புண்ணைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனையின் கட்டு மாற்றும் அறையில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கிடைக்காது. கட்டைப் பிரி, கழுவு, கட்டு, அடுத்தவரைக் கூப்பிடு. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் திடீரென்று வருவதை நிறுத்தியபோதுதான், அவருடைய கால் எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியுமோ அந்த அளவுக்கு அவருடைய வீடு எங்கே என்றுகூடத் தெரியாது என்பது உறைத்தது. விசாரிக்க வழி இல்லை. அந்தக் குறை இன்றும் எனக்கு ஆறவில்லை. உங்கள் தெருச் செவிலியரின் திட்டத்தைப் படித்ததும் அந்தப் பெரியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் செவிலியர் சொல்லும் முறை ஏற்கெனவே வேறோர் ஊரில் வேரூன்றிய முறை. இங்கிலாந்தில், சஃபோக் பகுதியின் சிற்றூர் ஒன்றில், எல்லி லிண்ட்சே என்ற சமுதாயச் செவிலியர் 1995-ஆம் ஆண்டு கால் புண் உள்ளவர்களுக்கென ஒரு மன்றத்தைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றியபோது, புண்ணை விடத் தனிமைதான் அவர்களை அதிகம் வருத்துகிறது என்று அவர் கண்டார். அதனால் மருத்துவமனையைத் தவிர்த்து, ஊர்ப் பொதுக்கூடத்தில் இடம் பிடித்தார். முன்பதிவு கிடையாது. வருபவர்களை நோயாளிகள் என்று சொல்லாமல் உறுப்பினர்கள் என்றார்கள். கட்டு மாற்றுவது ஒருவரை ஒருவர் பார்க்கும்படி சேர்ந்தே நடந்தது; தேநீர் போடுவது, நாற்காலி போடுவது, பேச்சுத் துணையாக இருப்பது, வர வண்டி இல்லாதவரை அழைத்து வருவது ஆகிய எல்லாவற்றையும் ஊர்க்காரர்களும் உறுப்பினர்களும் பார்த்துக்கொண்டார்கள். புண் ஆறிய பிறகும் வருவதற்குத் தடை இல்லை. அந்த முறை பின்னர் பிரிட்டனின் பல ஊர்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது.

இதனால் பலன் உண்டா என்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சோதித்துப் பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கால் புண் உள்ள 67 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் செவிலியர் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றினார்; மற்றவர்கள் மன்றத்துக்கு வந்தார்கள். மருத்துவ முறை இரு பக்கமும் ஒன்றுதான். 24 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, மன்றத்துக்கு வந்தவர்களுக்குப் புண் ஆறுவதும், வலி குறைவதும், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும், தன்னைப் பற்றிய மதிப்பும் மேம்பட்டிருந்தன. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடக் கூடாது; ஆனால் உங்கள் கணவரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

ஏன் அப்படி நடக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. உங்கள் மாமியாரின் புண் இருக்கும் இடத்தையும், அவர் ஆண்டுக்கணக்கில் அடுப்படியில் நின்றதையும் பார்த்தால், காலின் இரத்த நாளங்களில் இரத்தம் மேலேறாமல் தேங்குவதால் வரும் புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் அந்த இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. பின்கட்டில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தால் அந்தத் தசை வேலை செய்யாது. வீக்கம் கூடும், நீர் அதிகமாக வடியும், வாடை கூடும், வாடைக்கு அஞ்சி அவர் மேலும் உள்ளே போவார். ஒதுங்கியிருப்பதே புண்ணை வளர்க்கிறது. சமுதாயக் கூடம் வரை மெல்ல நடந்து போய் வருவதை, மருத்துவர் தடுக்காத வரையில், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினையுங்கள்.

இன்னொன்று, இவ்வகைப் புண்ணுக்கு முதன்மையான மருந்து களிம்பு அல்ல, பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்திக் கட்டும் கட்டு. அது புழுங்கும், இறுக்கும், முதல் சில நாள் தூங்க விடாது. வீட்டில் தனியாக இருப்பவர் நடுஇரவில் அதை அவிழ்த்துவிட்டுக் காலையில் யாரிடமும் சொல்லாமல் இருப்பார். அதையே மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு புண் மூடியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, இரண்டாவது வாரம் பழகிவிடும்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு நீங்களோ நானோ தர முடியாத எடை இருக்கிறது. ஆறிய பிறகும் காலை அழுத்திப் பிடிக்கும் காலுறையைப் போடாமல் விட்டுவிட்டால் இவ்வகைப் புண் எளிதில் திரும்பிவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் புண்களிலோ, ஆறியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 40 பேருக்கு ஓராண்டுக்குள்ளேயே மீண்டும் வருகிறது. ஆறியவரும் தொடர்ந்து வந்துபோகும் இடம் ஒன்று ஊரில் இருந்தால், புதிதாக ஒரு கொப்புளம் வந்தாலும் அதே வாரத்தில் யாருடைய கண்ணிலாவது படும்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் தேய்ந்து போவதற்கு உணர்ச்சி மரத்துப் போவதே காரணம், வலி தெரியாததால் காயம் பட்ட காலிலேயே அவர்கள் நடந்துவிடுகிறார்கள் என்று நிறுவினார். சர்க்கரை நோயாளியின் மரத்துப் போன பாதத்துக்கு இன்று நாம் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பும், தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் வேலூரையும் அதன் அருகே தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரியையும் சேர்ந்த அந்தத் தொழுநோய்ப் பணியோடு நெருங்கிய தொடர்பு உள்ளவை. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பிறகு ஊர்த் தொண்டர்கள் பக்கத்து வீட்டு நோயாளியைப் பொறுப்பேற்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் மாநில அரசே அதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். உங்கள் தெருச் செவிலியர் அவர்களோடும் சேர்ந்து செயல்பட்டால், கூடத்துக்கு நடந்து வர முடியாதவர்களும் விடுபட மாட்டார்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்றரை ஆண்டாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால், இருநூற்றைம்பது முறைக்கு மேல் அந்தக் கட்டைப் பிரித்திருக்கிறீர்கள். இந்த வேலையை எந்தக் கணக்கும் எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஆட்டோ வாடகை எவ்வளவு, உடன் போகிறவரின் ஒரு நாள் கூலி எவ்வளவு, அன்று வீட்டில் நின்று போன வேலை எத்தனை என்று உங்கள் கணவரையே ஒருமுறை எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை அந்தக் கூடத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி இருக்கும். பக்கத்தில் இதே வேலையைச் செய்கிற இன்னொரு மருமகளோ மகளோ மனைவியோ உட்கார்ந்திருப்பார். அவரிடம் நீங்கள் மனம் விட்டுப் பேசலாம். கூட்டம் எதற்கு என்ற கேள்விக்கு, இது ஒன்றே போதுமான பதில் என்று நான் நினைக்கிறேன்.

இனி, முதலில் குறிப்பிட்ட சோதனைகள். ஒன்றரை ஆண்டாக ஆறாத புண்ணை மருத்துவர் ஒருவர் முழுமையாகப் பார்த்து, அது எதனால் வந்தது என்று முடிவு செய்யாமல் எந்தக் கூடத்திலும் அழுத்தக் கட்டுப் போடக் கூடாது. சர்க்கரை உள்ளவருக்குக் காலுக்கு வரும் இரத்த ஓட்டமே குறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட காலை இறுக்கிக் கட்டினால் ஆபத்து. கணுக்காலின் இரத்த அழுத்தத்தையும் கையின் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. அந்த விகிதம் 0.8-க்குக் குறைவாக இருந்தால், மருத்துவரின் தனி அறிவுரை இல்லாமல் அழுத்திக் கட்டக் கூடாது. சர்க்கரை நோயில் அந்த எண் சில நேரம் பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும், ஆகவே மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட காலம் ஆறாமல், ஓரம் தடித்து, சதை வளர்ந்திருந்தால் சிறு துணுக்கு எடுத்துப் புற்று இல்லையென்று உறுதி செய்துகொள்வதும் தேவை. காய்ச்சல், சிவப்பு பரவுதல், கருத்துப் போதல், திடீரென வலி கூடுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வியாழக்கிழமைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூடத்தை நடத்துபவரிடம் நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கொதிநீராவியில் தூய்மை செய்த கருவிகள் இருக்கின்றனவா, ஒருவரை முடித்து அடுத்தவரைத் தொடுமுன் கை கழுவிக் கையுறை மாற்ற வசதி இருக்கிறதா, கழற்றிய கட்டுத் துணிகள் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் சுகாதார நிலையத்துக்குத் திரும்பிப் போகின்றனவா, தனிமை விரும்புகிறவருக்கு ஒரு திரையாவது உண்டா என்று பாருங்கள். இவற்றில் குறை இருந்தால், அது சரியாகும் வரை தொடக்கத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதில் தவறில்லை. படம் எடுக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் வாடையைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள். புண்ணின் செத்த தசையில் வளரும் ஒருவகை நுண்ணுயிர்களால் அது வருகிறது, அவர் சுத்தமில்லாதவர் என்பதால் அல்ல. அதைக் குறைக்க மருந்து உண்டு, கரி சேர்த்த கட்டுத் துணியும் உண்டு என்று மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும். முதல் வியாழன் அவர் கட்டைப் பிரிக்கவே வேண்டாம். "அத்தை, அங்கே ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், காப்பி போட ஆள் இல்லையாம், நீங்கள் வந்து சொல்லிக்கொடுத்தால் போதும்" என்று அந்தச் செவிலியரே வந்து கூப்பிட்டால் இன்னும் நல்லது. காலை உயர்த்தி வைக்க ஒரு முக்காலி போட்டு, அடுப்புக்கு அருகில் அவரை உட்கார வையுங்கள். அவர் மற்றவர்களுடைய கால்களைப் பார்க்கட்டும், அவர்கள் பேசுவதைக் கேட்கட்டும். தன் கட்டை எந்த வியாழன் அங்கே பிரிப்பது என்பதை அவரே சொல்லும் வரை யாரும் கேட்க வேண்டாம்.